அப்போப்டோசிஸ்: தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செல் தன்னைத் தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் வழிதான் அப்போப்டோசிஸ். நோயியல் பாடத்தின் தொடக்கத்திலேயே வந்து மிரட்டும் பகுதி இது. தேர்வு நெருங்கும்போது ஜூனியர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன, எனவே முதல் முறை வரிசையாகப் படிப்பது நல்லது.

அப்போப்டோசிஸும் புரோகிராம்டு செல் டெத்தும் ஒண்ணுதானே?

முன்பு அப்படித்தான் எழுதுவார்கள். இன்று அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். திட்டமிட்ட செல் இறப்பு என்பது பெரிய தலைப்பு. செல் தன்னுடைய மரபணுக்களையும் புரதங்களையும் பயன்படுத்தியே இறந்துபோகும் எல்லா வழிகளும் அதற்குள் அடங்கும். அப்போப்டோசிஸ் அவற்றில் ஒன்று, அதிகம் ஆராயப்பட்டது. நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ் எல்லாம் அதே தலைப்பின் கீழ் வரும் மற்ற வழிகள்.

1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தபோது அவர்கள் கையில் இருந்தது மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த உருவ மாற்றம் மட்டுமே. இதை நடத்தும் காஸ்பேஸ் நொதிகள், தடுத்துவைக்கும் பிசிஎல்-2 புரதம் எதுவும் அப்போது தெரியாது. பாடப்புத்தகங்கள் இன்றும் உருவத்தில் தொடங்கி மூலக்கூறுகளுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெக்ரோசிஸுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாச அட்டவணை எத்தனை தடவை படிச்சாலும் மறந்துபோகுது. என்ன பண்றது?

அட்டவணையை மூடிவையுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செல் சவ்வு கிழிந்ததா, இல்லையா? நெக்ரோசிஸில், அதாவது சேதம் தாங்காமல் செல் சாகும்போது, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தீர்ந்துபோகிறது, சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நிற்கிறது, தண்ணீர் உள்ளே புகுந்து செல் உப்புகிறது, கடைசியில் சவ்வு கிழிகிறது. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. கொட்டியதைப் பார்த்து வெள்ளணுக்கள் ஓடிவருவதுதான் அழற்சி. மாரடைப்பில் இதயத் தசைப் புரதமான ட்ரோபோனின் இரத்தத்தில் ஏறுவதும் இதே கசிவால்தான்.

அப்போப்டோசிஸில் சவ்வு கடைசிவரை முழுசாக இருக்கிறது. செல் சுருங்கி, சவ்வு சுற்றிய சிறு துண்டுகளாகப் பிரிந்து, கழிவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. எதுவும் சிந்தவில்லை, அழற்சியும் இல்லை. இந்த வேலைக்கெல்லாம் ஆற்றல் வேண்டும் என்பதால் ஏடிபி இருந்தாக வேண்டும். அட்டவணையில் மிச்சமிருக்கும் பெரும்பாலான வரிகளை இப்போது நீங்களே எழுதிவிடலாம்.

ஸ்லைடுல இதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

ஹீமட்டாக்சிலின், ஈயோசின் சாயம் போட்ட திசுவில் தனியாக நிற்கும் ஒரு செல்லைத் தேடுங்கள். பக்கத்துச் செல்களைவிடச் சிறியது, அடர்ந்த இளஞ்சிவப்பு, ஓரம் உருண்டிருக்கும், சுற்றிலும் மெல்லிய வெள்ளை இடைவெளி. அது அண்டைச் செல்களிடமிருந்து விலகிச் சுருங்கியதால் வந்த இடைவெளி. உள்ளே உட்கரு கருநீலமாக இறுகியோ, இரண்டு மூன்று உருண்டைகளாக உடைந்தோ இருக்கும். சுற்றி நியூட்ரோஃபில் (அழற்சிக்கு ஓடிவரும் வெள்ளணு) கூட்டம் இருக்காது. பக்கத்துச் செல்கள் எதுவுமே நடக்காத மாதிரி நலமாக இருக்கும்.

இதன் மிகச் சிறப்பான அடையாளம் எது என்று கேட்டால் குரோமாட்டின் (உட்கருவில் உள்ள டிஎன்ஏ, புரதக் கலவை) இறுக்கம் என்று எழுதுங்கள். பெயர் வைத்துக் கேட்கும் கேள்விகள் இரண்டு: வைரஸ் ஹெபடைடிஸ், மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றில் கல்லீரலில் தெரியும் கவுன்சில்மேன் உருண்டை, லைக்கன் பிளானஸ் என்ற தோல் நோயில் தெரியும் சிவாட் உருண்டை. இரண்டுமே அப்போப்டோசிஸில் இறந்த செல்கள்தான்.

உடம்பு நல்லா இருக்கும்போது இது எங்கெல்லாம் நடக்கும்?

பட்டியல் நீளம், கேட்கப்படுவது கொஞ்சம். கருவில் விரல்களுக்கு இடையே உள்ள திசு மறைவது, ஆண் கருவில் முல்லேரியன் குழாய் மறைவது, மாதவிடாயில் கருப்பை உட்சுவர்ச் செல்கள், தைமஸில் தன் உடலையே தாக்கக்கூடிய டி செல்கள், வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள். இவ்வளவு போதும்.

காஸ்பேஸ் நம்பரையெல்லாம் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா?

ஆறு எண்களுக்குத் தப்ப முடியாது. 8, 9 தொடங்கிவைப்பவை. 3, 6, 7 செய்து முடிப்பவை. 1 இந்தக் கூட்டத்தில் சேராது, அது அழற்சிக்காரன், பைரோப்டோசிஸ் பற்றிய கேள்வியில் வருகிறது. 10க்கு 8இன் வேலைதான், நினைவிருந்தால் சரி.

இவை புரதத்தை வெட்டும் நொதிகள். செயல்படும் இடத்தில் சிஸ்டீன் இருக்கும், வெட்டுவது அஸ்பார்ட்டேட்டுக்கு அடுத்து. செல்லுக்குள் எப்போதும் செயலற்ற வடிவில் காத்திருக்கின்றன. தொடங்கும் காஸ்பேஸ்கள் ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தப்பட்டால் விழித்துக்கொள்ளும், முடிக்கும் காஸ்பேஸ்களுக்கு யாராவது வெட்டிவிட வேண்டும். காஸ்பேஸை எழுப்ப இரண்டு வழிகள் உண்டு: செல்லுக்குள் இருந்து தொடங்கும் இன்ட்ரின்சிக், வெளியிலிருந்து தொடங்கும் எக்ஸ்ட்ரின்சிக். மேலே சொன்ன வேறுபாடு புரிந்தால், ஒவ்வொரு வழியிலும் ஏன் ஒரு பெரிய புரதக் கூட்டமைப்பு வருகிறது என்பது தானாகப் புரியும். 9ஐ நெருக்கி நிறுத்த அப்போப்டோசோம், 8ஐ நெருக்கி நிறுத்த டிஸ்க். இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

இன்ட்ரின்சிக் வழியைக் கொஞ்சம் பொறுமையா சொல்லுங்களேன். பெயர்கள் எல்லாம் குழம்புது.

சரி, முதலில் பெயர்களே இல்லாமல். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போட இரண்டு புரதங்கள் தயாராக இருக்கின்றன. அவற்றைச் சில புரதங்கள் பிடித்துவைத்திருக்கின்றன. செல்லுக்குச் சேதம் ஏற்பட்டால் மூன்றாவது வகைப் புரதங்கள் வந்து, பிடித்திருப்பவர்களின் கையை விடுவிக்கின்றன. ஓட்டை விழுகிறது. உள்ளிருந்து வெளியே வரும் பொருள் காஸ்பேஸை எழுப்புகிறது. இந்த வழியின் பெரும்பகுதி எதையாவது முடுக்கிவிடுவதில் இல்லை, பிரேக்கை எடுத்துவிடுவதில்தான் இருக்கிறது. எந்தப் புதுப் பெயர் வந்தாலும் 'இது யாரைத் தடுக்கிறது?' என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது பெயர்கள். ஓட்டை போடுபவை பேக்ஸ், பாக். பிடித்துவைப்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1. சேதத்தை உணர்ந்து வருபவை பிம், பேட், பூமா, நாக்ஸா போன்றவை. இவற்றிடம் பிஎச்3 என்ற பகுதி மட்டுமே இருப்பதால் பிஎச்3-ஒன்லி புரதங்கள் என்று அழைக்கிறார்கள். டிஎன்ஏ சேதத்தில் பி53 என்ற காவல் புரதம் எழுந்து பூமா, நாக்ஸா மரபணுக்களை இயக்குகிறது. பேக்ஸும் பாக்கும் திறந்த ஓட்டை வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் சைட்டோசாலுக்கு (செல்லின் திரவப் பகுதிக்கு) வருகிறது, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்கிறது. ஏழு ஏபாஃப்-1 சேர்ந்து சக்கரம் மாதிரி அமைவதுதான் அப்போப்டோசோம். அதன்மேல் காஸ்பேஸ்-9 விழித்து, 3ஐயும் 7ஐயும் வெட்டுகிறது.

இன்னொரு பிரேக்கும் உண்டு. எக்ஸ்ஐஏபி என்ற புரதம் 9ஐயும் 3ஐயும் அமுக்கிவைத்திருக்கிறது. அதே ஓட்டை வழியே வெளியே வரும் ஸ்மாக் என்ற புரதம் அந்த எக்ஸ்ஐஏபியைப் பிடித்து முடக்குகிறது. ஸ்மாக் அப்போப்டோசிஸை ஊக்குவிக்குமா, தடுக்குமா என்று கேட்டால் தடுமாறாதீர்கள்: தடுப்பவனைத் தடுப்பதால் ஊக்குவிக்கிறது.

சைட்டோகுரோம் சி எலக்ட்ரான் கொண்டுபோற புரதமாச்சே, அது எப்படி செல்லைக் கொல்லும்?

அது கொல்வதில்லை, இருக்கும் இடத்தால் செய்தி சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு இடையே இருக்கும்போது ஆற்றல் தயாரிக்கும் எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் மூன்றாவது கூட்டமைப்பிலிருந்து நான்காவதுக்கு எலக்ட்ரான் கடத்துவது அதன் அன்றாட வேலை. சைட்டோசாலில் அது இருக்கவே கூடாது. அங்கே தென்பட்டால் மைட்டோகாண்ட்ரியா கெட்டுவிட்டது என்று பொருள், ஏபாஃப்-1 அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. 'மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு கிழிந்து வெளியேறுகிறது' என்ற விருப்பத் தேர்வு வந்தால் அது தவறு, ஓட்டை விழுவது வெளிச்சவ்வில்.

எக்ஸ்ட்ரின்சிக் வழி?

இது சுருக்கமானது. வெளியிலிருந்து ஃபாஸ் லிகண்ட் என்ற செய்திப் புரதம் வந்து செல்லின் மேலுள்ள ஃபாஸ் ஏற்பியில் ஒட்டுகிறது. சாவுச் செய்தியை வாங்கும் இத்தகைய ஏற்பிகளைத்தான் டெத் ரிசெப்டர் என்கிறார்கள். ஏற்பிகள் ஒன்றுசேர, அவற்றின் உட்பக்க வால்களில் ஃபேட் என்ற இணைப்புப் புரதம் வந்து அமர்கிறது. அதன்மேல் காஸ்பேஸ்-8 கூடுகிறது. இந்தக் கூட்டமைப்புக்குத்தான் டிஸ்க் என்று பெயர். நெருக்கி நிறுத்தப்பட்ட 8 விழித்து 3ஐ வெட்டுகிறது. இங்கேயும் ஒரு பிரேக் உண்டு: ஃப்ளிப். உருவத்தில் காஸ்பேஸ்-8 போலவே இருந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வெட்டும் திறன் கிடையாது.

டிஎன்எஃப் ஏற்பியும் டெத் ரிசெப்டர்தானே? அப்போ டிஎன்எஃப் பட்ட செல்லெல்லாம் ஏன் சாகலை?

நல்ல கேள்வி, பலரும் கேட்காமலே கடந்துபோவது. டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு செய்திப் புரதம்) தன் ஏற்பியில் ஒட்டியதும் முதலில் உருவாகும் கூட்டமைப்பு சவ்வை ஒட்டியே நின்று என்எஃப்-கப்பா பி வழியை இயக்குகிறது. அது அழற்சி மரபணுக்களோடு ஃப்ளிப் போன்ற உயிர்காக்கும் மரபணுக்களையும் எழுப்புகிறது. பெரும்பாலான செல்களில் கதை அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பாதுகாப்பு தடைப்பட்டால் மட்டுமே சைட்டோசாலில் இரண்டாவது கூட்டமைப்பு உருவாகி, ஃபேட், காஸ்பேஸ்-8 வழியாகச் சாவு வரும். ஃபாஸுக்கு முதன்மை வேலையே கொல்வது, டிஎன்எஃப் ஏற்பிக்கு அது கடைசி வழி.

ரெண்டு வழியும் எங்கே சேருது? காஸ்பேஸ்-3லன்னு எழுதினா போதுமா?

போதும், ஆனால் முழு விடை இல்லை. அதற்கு முன்பே ஒரு குறுக்குப்பாதை இருக்கிறது. காஸ்பேஸ்-8 பிட் என்ற பிஎச்3-ஒன்லி புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் பேக்ஸ், பாக்கை இயக்குகிறது. தைமஸ் செல்களில் 8 நேரடியாக 3ஐ வெட்டுவதே போதுமானதாக இருக்கிறது. கல்லீரல் செல்களில் அது போதாது, பிட் வழியாக மைட்டோகாண்ட்ரியாவின் துணை வேண்டும். முதல் வகைக்கு டைப் 1, இரண்டாவதுக்கு டைப் 2 என்று பெயர்.

சைட்டோடாக்சிக் டி செல் கொல்றது எந்த வழியில சேரும்?

வைரஸ் புகுந்த செல் போன்றவற்றைக் கொல்லும் இந்த வெள்ளணு இரண்டு கையாலும் கொல்லும். தன் மேலுள்ள ஃபாஸ் லிகண்டால் தொட்டால் அது எக்ஸ்ட்ரின்சிக். துளையிடும் பெர்ஃபோரின் உதவியோடு கிரான்சைம் பி என்ற நொதியை உள்ளே செலுத்தினால், அது எந்த ஏற்பிக்கும் காத்திராமல் காஸ்பேஸ்-3ஐ நேரே வெட்டும், பிட்டையும் வெட்டும். கிரான்சைம் பி-யும் அஸ்பார்ட்டேட்டுக்கு அடுத்துதான் வெட்டுகிறது, ஆனால் அது காஸ்பேஸ் இல்லை, செரின் புரோட்டியேஸ். இந்த ஒரு வரிக்காகவே கேள்வி கேட்பவர்கள் உண்டு.

காஸ்பேஸ்-3 எழுந்த பிறகு உண்மையிலேயே என்ன நடக்குது?

ஸ்லைடில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெட்டு இருக்கிறது. டிஎன்ஏ-வை நறுக்கும் கேட் என்ற நொதியை ஐகேட் பிடித்துவைத்திருக்கும், 3 அந்த ஐகேடை வெட்டிவிட, கேட் நியூக்ளியோசோம்களுக்கு (புரதத்தைச் சுற்றிய டிஎன்ஏ உருண்டைகளுக்கு) நடுவே நறுக்குகிறது. ராக்-1 என்ற நொதி வெட்டுப்பட்டதும் செல்லின் சுருங்கும் இழைகளான ஆக்டின், மயோசின் இறுகிச் சவ்வில் குமிழ்கள் எழுகின்றன. டிஎன்ஏ பழுதுபார்க்கும் பார்ப் புரதமும் துண்டாகிறது.

சவ்வில் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாஸ்படிடைல்செரின் என்ற கொழுப்பு வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம் மட்டுமே இருக்கும். அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும் ஃப்ளிப்பேஸை 3 வெட்டி நிறுத்துகிறது, இருபக்கமும் கலக்கிவிடும் ஸ்கிராம்ப்ளேஸை வெட்டி இயக்குகிறது. ஒரே நொதியின் வெட்டு ஒன்றை அணைக்கிறது, மற்றொன்றை எழுப்புகிறது. வெளியே வந்த பாஸ்படிடைல்செரின்தான் மேக்ரோஃபேஜுக்கு 'என்னைத் தின்றுவிடு' என்ற அடையாளம்.

அனெக்சின், டியூனல், டிஎன்ஏ லேடர் – எதுல என்ன தெரியும்?

மூன்றும் அப்போப்டோசிஸைக் கண்டறியும் ஆய்வகச் சோதனைகள். அனெக்சின் வி என்ற புரதம் இப்போது சொன்ன பாஸ்படிடைல்செரினில் ஒட்டும், அதற்குக் கால்சியம் வேண்டும். கூடவே புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயமும் போடுவார்கள். அது சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே புகும். அனெக்சின் இருந்து புரோப்பிடியம் இல்லையென்றால் தொடக்கநிலை அப்போப்டோசிஸ். இரண்டும் இருந்தால் சவ்வு போய்விட்டது: முற்றிய அப்போப்டோசிஸாகவும் இருக்கலாம், நெக்ரோசிஸாகவும் இருக்கலாம். மறுபடியும் அதே இரண்டாவது கேள்விதான்.

ஜெல்லில் 180 முதல் 200 அடியிணைகளின் மடங்குகளாகப் படிப்படியாகத் தெரிவது லேடர், கேட் நறுக்கியதன் விளைவு. நெக்ரோசிஸில் டிஎன்ஏ கண்டபடி சிதைவதால் பட்டையாக இழுபட்டுத் தெரியும். டியூனல் டிஎன்ஏ துண்டுகளின் 3' முனையைக் குறியிடும். அப்போப்டோசிஸுக்கு மட்டுமே உரியது என்று எழுதிவிடாதீர்கள், நெக்ரோசிஸில் உடைந்த டிஎன்ஏ-விலும் அது ஒட்டக்கூடும்.

நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ் – மூணும் கலந்துபோகுது. ஒரே மூச்சுல சொல்ல முடியுமா?

மூன்றிலும் சவ்வு கிழிகிறது, மூன்றும் திட்டமிட்டவை. எதனால் கிழிகிறது என்பதில்தான் வேறுபாடு. நெக்ரோப்டோசிஸில் ஆர்ஐபிகே-1, ஆர்ஐபிகே-3 இரண்டும் சேர்ந்து எம்எல்கேஎல் என்ற புரதத்தை இயக்க, அது சவ்வுக்குப் போய் உடைக்கிறது. காஸ்பேஸ் எதுவும் தேவையில்லை. பைரோப்டோசிஸில் இன்ஃப்ளமசோம் (கிருமியை உணரும் புரதக் கூட்டமைப்பு) காஸ்பேஸ்-1ஐ எழுப்ப, அது காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட துண்டு சவ்வில் துளையிடுகிறது. அழற்சிச் செய்திப் புரதங்களான இன்டர்லூகின்-1 பீட்டாவும் இன்டர்லூகின்-18உம் முதிர்ந்து வெளியே வருவதால் காய்ச்சல். பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு செல்லுக்குள் புகுந்தால் காஸ்பேஸ்-4, 5 அதை நேரடியாகவே உணர்ந்து அதே காஸ்டெர்மினை வெட்டும்.

ஃபெரோப்டோசிஸ் 2012இல் பெயர் பெற்றது. இங்கே துளை போடும் புரதம் என்று ஒன்றைத் தேட வேண்டாம். இரும்பின் உதவியோடு சவ்வின் கொழுப்புகளே பெராக்சைடாகிக் கெடுகின்றன. குளுட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் பயன்படுத்தி அதைத் தடுப்பது ஜிபிஎக்ஸ்-4 என்ற நொதி. குளுட்டாதயோன் தீர்ந்தாலோ ஜிபிஎக்ஸ்-4 முடங்கினாலோ இந்தச் சாவு. காஸ்பேஸ் தடுப்பான் கொடுத்தும் செல் சாகிறது, இரும்பைப் பிடிக்கும் மருந்து கொடுத்தால் பிழைக்கிறது என்று கேள்வியில் வந்தால் விடை இதுதான்.

ஆட்டோஃபேஜியும் ஒரு சாவு வகைதானே?

முதன்மையாக அது பிழைக்கும் வழி. பட்டினியில் செல் தன் உள்ளுறுப்புகளையே லைசோசோம் என்ற செரிமானப் பையில் செரித்து ஆற்றல் எடுக்கிறது. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியாதபோது சாவோடு சேர்ந்து காணப்படும். அடையாளப் புரதம் எல்சி-3.

பிசிஎல்-2 அதிகமானா செல் வேகமாப் பெருகும்னு எழுதலாமா?

வேண்டாம். அது பெருக்குவதில்லை, சாகவேண்டியதைச் சாகவிடாமல் வைக்கிறது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற பி செல் புற்றுநோயில் 18ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்-2 மரபணு, 14இல் உள்ள இம்யூனோகுளோபுலின் கனச்சங்கிலி மரபணுவின் பக்கத்துக்கு இடம் மாறி ஓயாமல் இயங்குகிறது. மெதுவாக வளரும் கட்டியாக அது இருப்பதும் இதனோடு பொருந்துகிறது. நிணநீர் முடிச்சிலுள்ள ஃபாலிக்கிளின் நடுப்பகுதிதான் ஜெர்மினல் சென்டர். இயல்பான ஜெர்மினல் சென்டரின் பி செல்களில் பிசிஎல்-2 இருக்காது. அதனால் ஃபாலிக்கிளின் நடுப்பகுதி பிசிஎல்-2 சாயம் ஏற்றால் லிம்ஃபோமா பக்கம் சந்தேகம் போகும்.

2016இல் ஒப்புதல் பெற்ற வெனட்டோகிளாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்து, பிஎச்3 புரதம் போல நடித்து பிசிஎல்-2இன் பிடியைத் தளர்த்துகிறது. இதற்கு முன் வந்த நாவிட்டோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்துத் தடுத்தது. தட்டணுக்கள் உயிரோடிருக்க நம்பியிருப்பது அந்த பிசிஎல்-எக்ஸ்எல்லைத்தான், எனவே தட்டணு எண்ணிக்கை விழுந்தது. இனி யாரும் எது எங்கே தேவை என்று மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

காஸ்பேஸ்-8 கொல்ற நொதிதானே? அதை எடுத்துட்டா எலி நல்லா இருக்கணும். ஏன் கருவிலேயே சாகுது?

காஸ்பேஸ்-8க்கு இன்னொரு வேலை இருப்பதால். அது ஆர்ஐபிகே புரதங்களை வெட்டி நெக்ரோப்டோசிஸை அடக்கிவைக்கிறது. 8 இல்லாவிட்டால் அந்தப் பிரேக் போய்விடுகிறது, கரு இறக்கிறது. 2011இல் வெளியான சோதனைகளில் ஆர்ஐபிகே-3ஐயும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிறந்து வளர்ந்தன. ஆனால் வளர்ந்தபின் நிணநீர் முடிச்சுகள் வீங்கின. ஃபாஸ் வழி இல்லாததால் வேண்டாத லிம்ஃபோசைட்டுகள் அழியவில்லை. மனிதரில் ஃபாஸ் மரபணு கெட்டால் வரும் ஏஎல்பிஎஸ் நோயிலும் இதே படம்தான்: நிணநீர் முடிச்சு வீக்கம், மண்ணீரல் வீக்கம், சொந்த இரத்த அணுக்களையே அழிக்கும் தன்னெதிர்ப்பு, சிடி4உம் சிடி8உம் இல்லாத டி செல்கள்.

காஸ்பேஸைத் தடுக்கும் வைரஸ்கள் உள்ள செல்லில் நெக்ரோப்டோசிஸ் மாற்றுவழியாக வருவதற்கும் காரணம் இதுவே. ஒரு கதவை வைரஸ் பூட்டினால் மறுகதவு திறக்கிறது.

புழுவுல கண்டுபிடிச்சது நமக்கு எதுக்கு?

சி. எலிகன்ஸ் புழு வளரும்போது 1090 உடற்செல்கள் உருவாகி, அவற்றில் 131 ஒவ்வொரு புழுவிலும் அதே இடத்தில், அதே நேரத்தில் சாகின்றன. உறுப்பு வளர்ச்சியையும் திட்டமிட்ட செல் இறப்பையும் மரபணுக்கள் கட்டுப்படுத்துவதை இந்தப் புழுவில் கண்டறிந்ததற்காகத்தான் 2002 நோபல் பரிசு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் கிடைத்தது. அதே மரபணுக்களின் உறவினர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். செட்-3 நம் காஸ்பேஸ், செட்-4 நம் ஏபாஃப்-1, செட்-9 நம் பிசிஎல்-2, ஈஜிஎல்-1 நம் பிஎச்3-ஒன்லி. பொருத்தச் சொல்லிக் கேட்பார்கள்.

சிக்கலான பகுதி இது: புழுவில் செட்-9 நேராக செட்-4ஐப் பிடித்துவைக்கிறது. மனிதரில் பிசிஎல்-2 ஏபாஃப்-1ஐப் பிடிப்பதில்லை, மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்கிறது. நடுவே சைட்டோகுரோம் சி என்ற படி நம்மிடம் கூடுதலாக இருக்கிறது.

அப்போப்டோசிஸ்னா அழற்சியே வராதுன்னு அடிச்சுச் சொல்லலாமா?

இரண்டாவது பதிலில் 'கடைசிவரை' என்று எழுதியதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மேக்ரோஃபேஜ் நேரத்துக்கு வந்து விழுங்க வேண்டும். வராவிட்டால் துண்டுகளின் சவ்வு நாளடைவில் கிழிந்து, இரண்டாம்நிலை நெக்ரோசிஸாக மாறி அழற்சி வரும். சி1க்யூ என்ற இரத்தப் புரதத்தின் குறைபாடு உள்ளவர்களுக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். இறந்த செல்களை அகற்ற உதவும் புரதம் இல்லாததால் உட்கருப் பொருள்கள் வெளியே கிடந்து எதிர்ப்பொருள்களைத் தூண்டுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

மேலும் காஸ்டெர்மின் ஈ என்ற புரதம் அதிகமுள்ள செல்லில் காஸ்பேஸ்-3 அதையும் வெட்டிவிடும். அப்புறம் சவ்வில் துளை விழும், அப்போப்டோசிஸாகத் தொடங்கியது பைரோப்டோசிஸ் போல முடியும்.